இரண்டாம் கம்பத்தில் சாய்ந்த ஏணி

யோகராஜ் தன் மனைவி இறந்த பிறகு ஒன்றரை ஆண்டு காலம் ஒரு வரியை அழிக்காமல் வைத்திருந்தார். எழுதியவர் அவர், அழிக்க வேண்டியவரும் அவர்தான். அந்த வரியை நம்பிப் பாறையூத்துக் காலனியில் பதினொரு வீடுகள் இருந்தன. முப்பத்தெட்டுப் பேர் குடியிருந்தார்கள்.

அவர் பிறந்தது 1971-இல், இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். நான்கு வயதில் பெற்றோரோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் இருபத்திரண்டு நாள். அதன்பின் பண்ணைக்காட்டுக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டம். அந்தத் தோட்டத்தில் நான் 1979 முதல் 2012 வரை ரைட்டராக இருந்தேன். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் ஆள் வருகையும், எட்டரை மணிக்கு மழை அளவும் எழுதுவது என் வேலை. ஓய்வுக்குப் பிறகு ஆள் வருகை நின்றது. மழைமானியை என் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து இன்றுவரை எழுதுகிறேன். யோகராஜின் தகப்பனார் பெயரைப் பத்தொன்பது வருடம் எழுதியிருக்கிறேன்.

யோகராஜ் தோட்ட வேலைக்கு வரவில்லை. பண்ணைக்காட்டில் ஒரு ஜீப் எலக்ட்ரீஷியனிடம் சேர்ந்து வயர் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு ரேடியோ, டிவி, இன்வெர்ட்டர் என்று வந்ததையெல்லாம் பழுது பார்த்தார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பொருளையும் திறப்பதற்கு முன் அது இருந்த இடத்தைப் போய்ப் பார்ப்பார். ஒருமுறை தபால் நிலையத்து எடைப் பொறி திங்கட்கிழமைகளில் மட்டும் தப்பாகக் காட்டியது. இரண்டு மெக்கானிக்குகள் பிரித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். யோகராஜ் ஒரு திங்கட்கிழமை போய் உட்கார்ந்தார். வாழைக்காய் லாரிகள் வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் நாள் அது. தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. மேசையை உள்சுவருக்கு நகர்த்திவிட்டு வந்தார். பொறியை அவர் திறக்கவே இல்லை.

அதனால்தான் 2021 செப்டம்பரில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சிறிய கம்பெனி வந்தபோது எல்லோரும் அவர் பெயரைச் சொன்னார்கள். யோகராஜ் குடியிருந்த பாறையூத்துக் காலனிக்கு மேலே நிற்கும் சரிவு, காப்பியும் சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியுமாக இருக்கும். அதில் மண் நகர்கிறதா என்று பார்க்க மூன்று இரும்புக் கம்பங்களை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தினார்கள். கம்பம் சாய்ந்தால் பெட்டிக்குத் தெரியும். நேர்நிலையிலிருந்து அரை டிகிரி சாய்ந்தால் காலனியில் சைரன் ஒலிக்கும்.

கம்பெனியின் இன்ஜினியர் ஷர்மிளா சார்ட் தாளை ஜீப்பின் பானெட்டில் விரித்து, நடுவில் ஒரு சதுரம் வரைந்ததை நானும் நின்று பார்த்தேன்.

“இதுதான் பெட்டி. இதுக்குக் கண்ணு கிடையாது அண்ணே. கம்பம் எவ்வளவு சாயுதுன்னு மட்டும் தெரியும், ஏன் சாயுதுன்னு தெரியாது. இதைச் சுத்தி என்னென்ன இருக்கு, யாரு வர்றாங்க, எது இதைத் தொடும், எப்போ தொடும், எல்லாத்தையும் நாமதான் சொல்லிக் குடுக்கணும். அதுக்குத் தெரிஞ்ச உலகம் நாம எழுதிக் குடுக்கறதுதான்.”

“எத்தன நாளைக்குள்ள மேடம்?” என்று யோகராஜ் கேட்டார்.

“ஒரு மாசம்.”

“ஒரு மாசத்துல ஏலாது. ஒரு வருசம் பூரா பாத்தாத்தான் இந்தச் சரிவு என்னென்ன செய்யும்னு விளங்கும்.”

ஷர்மிளா சிரித்துவிட்டு, ஒரு மாதத்தில் முதல் பட்டியல், பிறகு பார்க்கப் பார்க்கச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். சதுரத்தைச் சுற்றி வட்டங்கள் வரைந்து ஒவ்வொன்றிலிருந்தும் பெட்டிக்கு ஒரு கோடு இழுப்பது முறை. மழை ஒரு வட்டம், வெயில் ஒரு வட்டம். சூழல் பட்டியல் என்று அதற்குப் பெயர்.

யோகராஜ் மூன்று கம்பங்களின் அடியிலும் மாறி மாறி உட்கார்ந்தார். காட்டுமாடு வந்து முதுகைத் தேய்த்தால் கம்பம் சாயாது, ஆடும் என்று எழுதினார். சோலார் பிளேட்டில் குரங்கு உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் உட்காரும் என்று எழுதினார். பனிமூட்டம் எத்தனை நாள் தொடர்ந்தால் பேட்டரி இறங்கும், எந்த மாதத்தில் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும், கீழ் ரோட்டில் எந்த பஸ் போனால் மூன்றாம் கம்பம் அதிரும். முதலாம் கம்பத்துக்குக் காலனிப் பெண்கள் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை அதன் காலடியில் சூடம் ஏற்றினார்கள். அதையும் எழுதினார். அந்தச் சூட்டில் இரும்பு எவ்வளவு நெளிகிறது என்றும் எழுதினார். டிசம்பருக்குள் நாற்பது வரிகள் ஆகிவிட்டன.

நாற்பத்தோராவது வரிதான் ஏணி.

2022 ஜனவரியில் மிளகு பறிப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே சைரன் மூன்று முறை ஒலித்தது. மூன்று முறையும் மண் நகரவில்லை. அடுப்பில் சோறு கொதிக்க, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிய பெண்கள் திரும்பி வந்து யோகராஜின் வாசலில் நின்று ஏசினார்கள். முன்னால் நின்றவர் அவருடைய அண்ணன் மனைவி வீரம்மாள்.

“ஏப்பா கொழுந்தனாரே, ஒம் பொட்டிக்கு வேற சோலியே இல்லையா? நேத்துப் போட்ட கொழம்பு கருகிப் போச்சு, இன்னிக்குச் சோறு கருகிப் போச்சு. மலை சரியிறதுக்கு முன்ன நாங்க பட்டினியில போயிருவோம் போலருக்கே.”

காரணம் யோகராஜின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இரண்டாம் கம்பம் நின்ற நான்கு ஏக்கரில் மிளகு பறித்தது அவர் மனைவி மகாராணி. ஒற்றை மூங்கிலில் கணுக்களைப் படியாக வைத்து வெட்டிய இருபதடி ஏணி அவரது. ஒரு மரம் முடிந்து, பையைக் கொட்டி, வெற்றிலை போட உட்காரும்போது அந்த ஏணியைப் படுக்கப் போட மாட்டார். கம்பத்தில் சாத்திவிடுவார்.

“கீழ போட்டா என்ன?” என்று யோகராஜ் கேட்டிருக்கிறார்.

“கீழ போட்டா யாராச்சும் தாண்டுவாங்க. தாண்டுன ஏணியில ஏறுனா அந்த வருசம் விழுவாங்க. ஒங்க பொட்டி நல்லா இருக்கணும்னு நான் விழணுமா?”

“மரத்துல சாத்தேன்.”

“மரத்துல கொடி கெடக்கு, நசுங்கும். ஒங்க கம்பந்தான் மொட்டையா நிக்குது. எனக்குன்னே நட்ட மாதிரி.”

மலையில் மிளகு பறிக்கும் யாரும் ஏணியைப் படுக்கப் போடுவதில்லை. அதை மாற்றச் சொல்வதைவிடப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுப்பது எளிது என்று யோகராஜ் முடிவு செய்தார். மூன்று நாள் மகாராணியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஏணி சாய்ந்தால் கம்பம் எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று அளந்தார். பிறகு எழுதினார். காலை ஏழு முதல் மாலை நான்கு வரை, இரண்டாம் கம்பம் ஒரு டிகிரிக்குள் சாய்ந்து நாற்பது நிமிடத்துக்குள் திரும்பினால், அது ஏணி. சைரன் வேண்டாம், ‘ஏணி’ என்று செய்தி மட்டும் அனுப்பு. ஏணியை எடுக்கும்போது கம்பம் இடிபட்டு மயிரிழை பிசகி நிற்கும். நின்ற இடத்தையே புதிய நேர்நிலையாக வைத்துக்கொள். நாற்பது நிமிடத்துக்கு மேலும் திரும்பாவிட்டால் சைரன்.

ஷர்மிளா படித்துவிட்டு, இப்படி ஒரு வட்டத்தை எந்தப் பெட்டிக்கும் தான் வரைந்ததில்லை என்றாராம்.

அதன்பின் காலனி அமைதியானது. யோகராஜ் எந்த ஊரில் எந்த வீட்டு இன்வெர்ட்டரைத் திறந்து வைத்திருந்தாலும், போன் ஒருமுறை மணியடித்து ‘கம்பம் 2: ஏணி’ என்று காட்டும். மகாராணி வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். பறிப்பு முடிந்தாலும் நிழல் மரக் கிளை கழிக்க, கொடி கட்ட என்று வருடம் முழுக்க ஏணிக்கு வேலை உண்டு. ஒன்றரை வருடத்தில் நூற்று நாற்பத்தெட்டு முறை அந்தச் செய்தி வந்தது.

2023 ஜூன் 9, வெள்ளிக்கிழமை. காலை 10.52-க்கு ஏணி சாய்ந்தது. 11.32-க்கு, நாற்பது நிமிடம் முடிந்ததும், சைரன் ஒலித்தது. யோகராஜ் அன்று வீட்டில் இருந்தார். பெண்கள் வெளியே வந்து பார்க்க, வீரம்மாள், “வெத்தலைக்குச் சுண்ணாம்பு தேடப் போயிட்டாளாக்கும், போய் ஏணிய எடுக்கச் சொல்லுப்பா” என்றார். யோகராஜ் சத்தம் போட்டுக்கொண்டே சரிவில் ஏறினார். வழியெல்லாம் அவர் ஏசியது காலனியில் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மகாராணி கம்பத்தில் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெற்றிலைப் பை மடியில் அவிழ்ந்திருந்தது. உயிர் போய் அரை மணிக்கு மேல் இருக்கும் என்று வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாரடைப்பு. தலைக்கு மேலே ஏணி சாத்தியபடி நின்றது. யோகராஜ் அதை எடுக்காததால் சைரன் மேலும் ஒரு மணி நேரம் ஒலித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வீரம்மாளின் கணவர்தான் ஏறிப்போய் ஏணியை எடுத்தார். அதை வீட்டின் பின்சுவரில் நிறுத்தினார்கள்.

அந்த நான்கு ஏக்கரில் மறுபடி ஆள் இறங்கவில்லை. கொடிக்கு வாடல் நோய் கண்டுவிட்டது. நிலத்துக்காரர் வெளியூர், அப்படியே விட்டுவிட்டார். காப்பிக்குள் புதர் ஏறியது.

அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று காலை பத்தே முக்காலுக்கு, பண்ணைக்காட்டில் ஒரு மளிகைக் கடைக்குள் ஸ்டூலில் ஏறி நின்றபோது, யோகராஜின் போன் மணியடித்தது. ‘கம்பம் 2: ஏணி.’

ஸ்டூலிலிருந்து இறங்கிப் பையைக்கூட எடுக்காமல் ஜீப் பிடித்தார். காலனிக்கு வந்து முதலில் வீட்டின் பின்னால் போனார். ஏணி சுவரில் நின்றது. தொட்டுப் பார்த்தார், நனைந்திருந்தது. மூட்டத்தில் எல்லாமே நனைந்துதான் இருக்கும். பிறகு சரிவில் ஏறினார். கம்பத்தைச் சுற்றி முழங்கால் உயரப் புல், மிதிபடாமல் நின்றது. போனில் அடுத்த வரி வந்திருந்தது: இருபத்தாறு நிமிடத்தில் ஏணி எடுக்கப்பட்டது.

இதை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி வந்தது. பிறகு நவம்பரில் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் முதலில் ஏணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கம்பத்துக்குப் போனார். சில நாள் செய்தி வந்து ஏணி ‘எடுக்கப்படுவதற்குள்’ போய்ச் சேர்ந்துவிடுவார். அப்போது கம்பத்திலிருந்து ஓர் ஆள் இடம் தள்ளி உட்கார்ந்து, போனில் அடுத்த வரி வரும்வரை இருப்பார். வெற்றிலைப் பழக்கம் இல்லாதவர், வெற்றிலை வாங்கிப் போக ஆரம்பித்தார். இரண்டு.

வீரம்மாள் பார்த்துவிட்டார். “இவரு என்ன ரைட்டரய்யா, பொட்டிகூடக் கதைச்சுக்கிட்டுக் கெடக்காரு” என்று என்னிடம் ஒருநாள் ரேஷன் கடையில் சொன்னார். “சாப்பாடு எறங்கல. சொன்னா, அவ வந்துட்டுப் போறாங்காரு. ராவுல வராளான்னு கேட்டேன். இல்ல மதினி, வேலை நேரத்துல மட்டுந்தான்னாரு.”

கம்பெனி ஆண்டுக்கு ஒருமுறை சூழல் பட்டியலைத் திரும்பப் பார்த்து, இல்லாமல் போனதை நீக்கி, புதிதாக வந்ததைச் சேர்த்து அனுப்பச் சொல்லும். 2024 மே மாதம் யோகராஜ் அறுபத்து மூன்று வரிகளையும் பார்த்தார். எறும்பு வரியைத் திருத்தினார். பஸ் நேரம் மாறியிருந்தது, மாற்றினார். நாற்பத்தொன்றின் எதிரே ‘மாற்றம் இல்லை’ என்று எழுதினார்.

நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை, போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“ரைட்டரய்யா, போன் சாகப் போகுது. இதுல இருக்கறத ஒங்க நோட்டுல எழுதி வச்சிருவீங்களா? வேற எங்கயும் நம்பிக்கை இல்ல.”

“பெட்டியில இருக்குமே யோகராசு?”

“இருக்கும். கம்பெனிக்காரங்க கேப்பாங்க. ஒங்ககிட்ட இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க.”

ஏணி செய்திகள் முழுவதும் அதில் இருந்தன. மகாராணி இருந்தபோது வந்த நூற்று நாற்பத்தெட்டும், அதன் பிறகு வந்த பத்தொன்பதும். ஒவ்வொன்றுக்கும் தேதி, சாய்ந்த நேரம், திரும்பிய நேரம், எவ்வளவு பிசகி நின்றது, எந்தப் பக்கம். என் பதிவேட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரி. மழை அளவுக்குப் பக்கத்தில் குறிப்புக்கான கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அங்கேயே எழுதினேன். யோகராஜ் வாசிக்க, நான் எழுத, இரண்டு மணி நேரம் ஆனது. டீ குடித்துவிட்டுப் போனார்.

எழுதியதை வழக்கம்போல் மறுநாள் சரிபார்த்தேன். மகாராணியின் நூற்று நாற்பத்தெட்டு வரிகளில் ஒன்றின் எதிரிலும் மழை இல்லை. நனைந்த மூங்கிலில் யாரும் ஏற மாட்டார்கள். ஈரத்தில் கொடியைத் தொட்டால் வாடல் பரவும் என்று தோட்டத்திலேயே தடை உண்டு. நான் அறிந்ததுதான், கண்ணால் பார்த்தபோது சரியாக இருந்தது. பின்னால் வந்த பத்தொன்பதையும் பார்த்தேன். பதினெட்டு வரிகளின் எதிரே முதல் நாள் இரவு இருபது மில்லிமீட்டருக்கு மேல் மழை இருந்தது.

பேனாவை வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். பிறகு வந்து, கம்பம் பிசகிய அளவுகளைக் கூட்டினேன். மகாராணி இருந்த நாட்களில் கம்பம் பிசகியது ஒருநாள் மேல்பக்கம், ஒருநாள் கீழ்ப்பக்கம். கூட்டிக் கழித்தால் ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்தப் பதினெட்டும் கீழ்ப்பக்கமே பிசகியிருந்தன. காலனி இருக்கும் பக்கம். ஒவ்வொன்றும் மயிரிழைதான். மொத்தம் ஒரு டிகிரியில் நூற்றில் நாற்பத்தொரு பங்கு. இன்னும் ஒன்பது பங்கு சேர்ந்தால் அரை டிகிரி, சைரன் ஒலிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெட்டி அதை ஏணி என்று எடுத்துக்கொண்டு, நின்ற இடத்தையே நேர் என்று மறந்துவிட்டிருந்தது.

அன்று பிற்பகலே யோகராஜைக் கூப்பிட்டுப் பதிவேட்டைக் காட்டினேன். விரலால் மழைக் கட்டத்தை மட்டும் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு போனேன். அவருக்கு ஐந்தாவது வரியிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் கடைசிவரை பார்த்தார்.

“மழைக்கு மறுநாள் அவ ஏணியத் தொட மாட்டா” என்றார்.

“ஆமா.”

“எனக்குத் தெரியாம இருந்திருக்குமா ரைட்டரய்யா? நானும் அந்த மழையில நனைஞ்சுதான வேலைக்குப் போனேன். தெரியும். பாக்கல.”

பிறகு விரலை ஒரு வரியில் வைத்தார். மார்ச் 3, 2024, ஞாயிற்றுக்கிழமை. முன்னும் பின்னும் பத்தொன்பது நாள் மழையில்லை. 11.05-க்குச் சாய்ந்து, பதினேழு நிமிடத்தில் திரும்பியது. எந்தப் பக்கமும் பிசகவில்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அந்த ஒன்றை நானும் பார்த்திருந்தேன். காட்டுமாடாக இருக்குமோ என்று கேட்டேன்.

“காட்டுமாடுன்னா ஆட்டும். இது சாஞ்சிருக்கு.”

முற்றத்தில் மூட்டம் இறங்கியிருந்தது. மழைமானி கண்ணுக்குத் தெரியவில்லை. யோகராஜ் அந்த வரியை விட்டு விரலை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால் என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பெட்டியின் மொழி அவருக்குத்தான் தெரியும்.

“இது அவதான்” என்றார் கடைசியில். “இது ஒண்ணுக்காக மத்த பதினெட்டயும் அவ தலையில கட்ட ஏலாது.”

என் வீட்டிலிருந்தே ஷர்மிளாவுக்குப் போன் செய்தார். அவர் சொல்வதைக் கேட்ட ஷர்மிளா எண்களைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, மழைத் தண்ணீர் மண்ணுக்குள் ஏறி நிலத்தை உப்ப வைத்திருக்கும், வடிந்ததும் இறங்கியிருக்கும், ஒவ்வொரு தடவையும் முழுதாக இறங்காமல் கொஞ்சம் கீழே போய் நின்றிருக்கும் என்றார். “வரியை இப்பவே எடுங்கண்ணே. பழைய நேர்நிலையை வச்சிடுங்க. பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்.”

நவம்பர் 27, மாலை 4.20-க்கு நாற்பத்தோராவது வரி நீக்கப்பட்டது. யோகராஜ் தாசில்தார் அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்தார். வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

டிசம்பர் 12 காலை எட்டரைக்கு என் மழைமானியில் தொண்ணூற்றாறு மில்லிமீட்டர் இருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு காலனிக்கு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. சைரன் ஒலித்தது.

யாரும் ஓடவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் அது கடைசியாக ஒலித்தது மகாராணிக்காக. ஆட்கள் வாசலில் வந்து நின்று சரிவைப் பார்த்தார்கள். மூட்டத்தில் முதல் வரிசைக் காப்பிச் செடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. குழந்தைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

“அவ ஏணிதான்” என்று வீரம்மாள் மெல்லச் சொன்னார். “போய் எடுத்துட்டு வாங்கப்பா. எங்களுக்குப் போகப் பயமா இருக்கு.”

யோகராஜ் வீட்டின் பின்னால் போனார். இருபதடி மூங்கிலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, எல்லோரும் பார்க்க, ரோட்டுக்குப் போகும் பாதையின் குறுக்கே கீழே போட்டார். படுக்கப் போட்டார். அந்தச் சத்தத்தில் பேச்சு நின்றது.

“ஏணி இங்க கெடக்கு. மேல எதுவும் சாஞ்சு நிக்கல. மண்ணு வருது. வெரசாக் கெளம்புங்க.”

பெண்கள் ஏணிவரை வந்து நின்றுவிட்டார்கள். பாதையின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பள்ளம். தாண்டாமல் போக வழியில்லை. வீரம்மாள் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தவர், காலை எடுத்து வைக்காமல் கொழுந்தனாரைப் பார்த்தார்.

“தாண்டுங்க மதினி. இனிமே இதுல யாரும் ஏறப் போறதில்ல.”

அவர் தாண்டினார். பிறகு ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். நான் எண்ணினேன். பள்ளிக்கும் வேலைக்கும் போனவர்கள் பதினாறு பேர். ஏணியைத் தாண்டியவர்கள் இருபத்தொருவர். யோகராஜ் கடைசியாக எல்லா வீட்டுக்குள்ளும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். ஏணிக்கு முன்னால் வந்ததும் குனிந்து ஒரு கணுவைத் தொட்டார். தாண்டினார்.

11.35-க்குச் சரிவு இறங்கியது. மூட்டத்துக்குள் எதுவும் தெரியவில்லை. மரங்கள் முறியும் சத்தமும், பிறகு ஈர மண் நெடியும் வந்தன. சைரன் பாதியில் நின்றது. ஆறு வீடுகள் போயின. யோகராஜின் வீடும் அதில் ஒன்று. இரண்டாம் கம்பமும் ஏணியும் கிடைக்கவே இல்லை. இரண்டு ஆடுகள் செத்தன. மனிதர்கள் யாரும் சாகவில்லை.

காலனி ஆட்களைப் பண்ணைக்காட்டில் ஒரு சமுதாயக் கூடத்தில் தங்க வைத்தார்கள். ஜனவரியில் கம்பெனியிலிருந்து அங்கே ஒரு தாள் வந்தது. சூழல் பட்டியலில் ஒரு வரியை எடுத்தால் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நவம்பரில் அவசரத்தில் விட்டுப்போனது. யோகராஜ் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்து எழுதி, தப்பு இருக்கிறதா பார்க்கும்படி என்னிடம் நீட்டினார்.

‘ஏணி வைத்தவர் 9.6.2023 அன்று இறந்துவிட்டார். அதற்குப் பின் வந்த பதிவுகள் நிலத்தின் நகர்வு, ஒன்றைத் தவிர.’

தப்பு எதுவும் இல்லை என்றேன். அனுப்பி நான்கு நாள் கழித்து ஷர்மிளா போனில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

“அண்ணே, ஒன்றைத் தவிரன்னு போட்டிருக்கீங்க. மார்ச் மூணுதானே? அது எதனால?”

“எனக்குத் தெரிஞ்சதச் சொன்னா ஒங்க பட்டியல்ல ஏறாது மேடம்.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“அப்போ காரணம் தெரியவில்லைன்னு போட்டுக்கவா?”

“போட்டுக்கங்க” என்றார் யோகராஜ்.